ஒன்றும் ஆகாத சனிக்கிழமை

பிரிக்பீல்ட்ஸ்,
2 ஜூன் 2024

அன்புத் தங்கை மாதவிக்கு,

அண்ணன் கமலநாதன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், கையில் போனும் இருக்கிறது, இவர் ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் நீ ஒன்றைச் சொல்லி, "சரிதானேண்ணே?" என்று கேட்டால் என் வாய் தானாக "சரிம்மா" என்று சொல்லிவிடுகிறது. போனை வைத்த பிறகுதான் அது சரியில்லையே என்று எனக்குத் தோன்றும். மறுபடி அழைத்துச் சொல்லத் தைரியம் வராது. வடிகால் இலாகாவில் வேலை செய்த காலம் முழுவதும் மழையையும் ஆற்று மட்டத்தையும் அளந்து எழுதியே பழகிவிட்டேன். எழுதினால்தான் நான் நினைத்ததை நினைத்தபடி சொல்ல முடிகிறது. பொறுத்துக்கொள்.

நேற்று பங்சாரில் நடந்த பிறந்தநாள் விருந்துதான், குழந்தைகள் ஏறிக் குதிக்கும் உன் பவுன்சி காசலுக்கு நான் காவல் நின்ற முதல் நாள். ஜெயராஜ் மாப்பிள்ளை இருந்தவரை அந்தக் காற்றுக் கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவர் மறைந்த இந்த இரண்டு வருடமாக நீ ஒருத்தியாகவே தொழிலை இழுத்துக்கொண்டிருக்கிறாய். மேற்பார்வைக்கு நம்பகமான ஆள் இல்லை என்று நீ கேட்டபோது, வீட்டில் சும்மா இருக்கும் நான் எப்படி மறுக்க முடியும்? ஆனால் நான் அந்த வேலைக்குத் தகுந்தவன்தானா என்று நேற்றுப் பலமுறை யோசித்தேன்.

கோட்டையின் அடியில் சுற்றிலும் எட்டு வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரும்பு முளையை மாட்டித் தரையில் அடித்து இறுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வைத்திருந்த ஆங்கிலக் கையேட்டில் படம் போட்டிருக்கிறது. லோரி ஓட்டும் சபாபதி ஐந்து முளைகள்தான் அடித்தார். ஆறாவது வளையத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, விருந்துக் கூடாரத்தின் காலில் கட்டினார். மற்ற இரண்டும் சும்மா கிடந்தன.

"சபாபதி, காற்று வந்தால் கூடாரமும் ஆடுமே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒன்னா சேந்து ஆடினா ரெண்டும் நிக்கும்லா, அங்கிள்," என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கூடாரத்தின் அடியில்தான் கொதிக்கிற கோழிக் குழம்பை வைத்திருந்தார்கள். நானே அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, லோரியில் தேடி மூன்று முளைகள் எடுத்து வந்தேன். சபாபதி முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

இன்னொன்று. நம் வீட்டு விசேஷங்களில் சிறு பெண்களுக்குப் பட்டுப்பாவாடை கட்டி இடுப்பில் ஊக்குக் குத்தி அனுப்புகிறார்கள். தலையில் ஊசி ஊசியாகக் கிளிப். அப்படியே ஏறிக் குதித்தால் கோட்டை கிழிவது இருக்கட்டும், பக்கத்துக் குழந்தையின் கண் என்னாகும்? ஒரு தாயாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஊக்கை எடுத்தா பாவாடை நிக்காது, அங்கிள். என்ன செய்யச் சொல்றீங்க?"

"வேறு உடுப்பு இருந்தால்..."

"ஐயோ, இவ்வளவு நேரம் உட்கார வெச்சு கட்டிவிட்டேன்."

நான் நகர்ந்துவிட்டேன். ஆனாலும் அந்த அம்மா உள்ளே போய் மகளுக்கு ஒரு கால்சட்டையைப் போட்டுவிட்டு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

முடிந்தால் ஒரு விசிலும் காற்றின் வேகத்தை அளக்கும் சிறு கருவியும் வாங்கிக் கொடு. வாசலில் போட ஒரு மெத்தையும் வேண்டும். எல்லாம் மிகையாகத் தெரிந்தால் விட்டுவிடு.

உன் அன்பு அண்ணன்,
கமலநாதன்


கிள்ளான்,
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு மாதவி எழுதுவது.

சபாபதி உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா, அங்கிளுக்கு நான் வாட்ஸ்அப் சொல்லிக் கொடுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம், அவர் அதிலும் 'அன்புத் தங்கைக்கு' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதுவார் என்றேன். நான் கடைசியாகத் தமிழில் இவ்வளவு எழுதியது பரீட்சையில்தான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

விசில், காற்றுமானி, மெத்தை மூன்றும் வாங்கியாயிற்று. எட்டு முளையும் அடிக்கச் சொல்லிவிட்டேன். திருப்திதானே?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பங்சார் வீட்டுக்கார அம்மா என்னிடம், "உங்க அண்ணன் ரொம்ப நல்லவர், ஆனா பயமுறுத்துறார்" என்றார். வாடிக்கையாளர் முன்னால் ஆபத்து, கண்ணு, கிழியும் என்றெல்லாம் பேச வேண்டாம் அண்ணே. குழந்தை பிறந்தநாளுக்குக் கூப்பிட்டவர்கள் சந்தோஷமாக இருக்கத்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை பதினைந்து வருஷம் நடத்தினார். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தொழிலை ஏன் விற்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. அவர் போன பிறகு முதல் முறையாக அந்தக் கோட்டையை விரித்து, காற்று ஊதும் ப்ளோவரைப் போட்டபோது, அது மெல்ல எழுந்து நின்றது. அதைப் பார்த்ததும் விற்க மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமைகளில் நீங்கள் வருவது எனக்குப் பெரிய தைரியம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
மாதவி


பிரிக்பீல்ட்ஸ்,
18 ஆகஸ்டு 2024

அன்புத் தங்கைக்கு,

நேற்று செந்தூலில் நடந்ததைச் சபாபதி உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார் என்பதால் நான் எழுதுகிறேன்.

எட்டுக் குழந்தைகள் உள்ளே இருந்தார்கள். எல்லாம் ஐந்து ஆறு வயது. பெரிய பிள்ளைகளைத் தனியாக, அடுத்த முறைக்கு நிறுத்தி வைத்திருந்தேன். திடீரென்று ப்ளோவரின் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நம் காது எவ்வளவு பழகிவிடுகிறது என்பது அது நிற்கும்போதுதான் தெரிகிறது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரியவர் கையில் மைக்கோடு நிற்கிறார். பாட்டுப் பாட கராவோக்கே பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமென்று நம் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

கோட்டை ஒரேயடியாக விழாது. முதலில் கோபுரங்கள் தலை குனிந்தன. பிறகு பின்சுவர் உள்பக்கம் சாய ஆரம்பித்தது. நான் விசில் ஊதிவிட்டு வாசல் பக்கச் சுவரைத் தோளால் தாங்கிக்கொண்டு, "ஒவ்வொருத்தராக என்னிடம் வாருங்கள், விளையாட்டு இது, ஓடக்கூடாது" என்றேன். ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் மூலையில் சாய்ந்த துணிக்கு அடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஊர்ந்து போய்த் தூக்கி வந்தேன். அதற்குள் சபாபதி ஓடிப்போய் மறுபடி பிளக்கை மாட்டினார்.

"யாருய்யா மைக்கை ஆஃப் பண்ணது?" என்று அந்தப் பெரியவர் கத்தினார்.

"நீங்க பாடுறத கேட்டு பெலூனே படுத்திருச்சு, அண்ணே," என்றார் சபாபதி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் கையேட்டை எடுத்து, மின்சாரம் பற்றிய பக்கத்தை மறுபடி படித்தேன்.

இனி நமக்கென்று தனி மின் இணைப்பு இல்லாத இடத்தில் விரிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? பிளக்கின் மேல் ஒரு மூடியும் போடலாம். நீயே முடிவு செய்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

அன்புடன்,
அண்ணன்


கிள்ளான்,
1 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் வந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. முறுக்கை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். சபாபதியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இதை நேரில் சொல்ல நினைத்தேன். வீட்டில் ஆட்கள் இருந்ததால் முடியவில்லை. வரும் ஒன்பதாம் தேதி தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, திடலில் எல்லாருக்கும் பொது விருந்து. தலைவர் திருச்செல்வம் என்னிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார். அன்று நன்றாக நடந்தால் அடுத்த வருஷம் முழுக்க அவர்களின் எல்லா நிகழ்ச்சியும் நமக்கு. விளையாட்டு விழா, குடும்ப தினம், பொங்கல், எல்லாமே. அது கிடைத்தால் சபாபதியை நிரந்தரமாக வைத்துக்கொள்வேன், பழைய கோட்டையைப் பழுது பார்ப்பேன். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் இந்தத் தொழில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு டத்தோ வருகிறார். குழந்தைகள் கோட்டையில் குதிப்பதுபோல் அவரோடு படம் எடுக்க வேண்டுமாம். ஒரு முறைக்கு எட்டுப் பேர்தான் என்று அந்த நேரத்தில் அவர் முன்னால் விரலைக் காட்ட வேண்டாம். அன்று ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், அண்ணே.

நான் வேறொரு கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வர முடியாது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்,
10 நவம்பர் 2024

அன்புத் தங்கை மாதவிக்கு,

நேற்று நடந்ததைத் திருச்செல்வம் உனக்குச் சொல்லியிருப்பார். நேற்று நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. மன்னித்துவிடு. எடுத்திருந்தால் நீ சொன்னதற்கெல்லாம் சரி என்று சொல்லியிருப்பேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிவரை வெயில். குழந்தைகள் நிறைய. நான்கு மணிக்குப் பிறகு மேற்கே, கடற்பக்கம், வானம் கறுத்தது. காற்றுமானியைப் பிடித்தேன். இருபது காட்டியது. கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு. பிறகு முப்பது. முப்பத்தெட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கோட்டையை இயக்கக்கூடாது என்பது கையேட்டில் உள்ள விதி. முப்பத்து நான்கைக் காட்டியபோது நான் விசில் ஊதினேன்.

முப்பத்து நான்குதான், முப்பத்தெட்டு ஆகவில்லை. அதுதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது. ஆனால் ஏறிக்கொண்டே வந்தது, மாதவி. குழந்தைகளை ஒவ்வொருவராக இறக்கச் சில நிமிடங்கள் ஆகும். எல்லையைத் தொட்ட பிறகு இறக்க ஆரம்பித்தால், எல்லையைத் தாண்டிய காற்றில் அவர்கள் உள்ளே இருப்பார்கள். அப்போது நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். எல்லாரையும் இறக்கிவிட்டு ப்ளோவரை நிறுத்தச் சொன்னேன். கோட்டை படுத்தது.

திருச்செல்வம் ஓடி வந்தார்.

"என்ன அங்கிள், டத்தோ வர்ற நேரத்துல மூட்டை கட்டுறீங்க?"

"காற்று கூடுகிறது ஐயா. கொஞ்சம் பொறுத்து..."

"எங்கே கூடுது? என் வேட்டிகூட ஆடல."

அவர் சொன்னது உண்மை. அந்த நிமிடம் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. மேகம் வடக்கே திரும்பிப் போனது. ஒரு துளி மழை இல்லை. வெயில் மறுபடி அடித்தது. குழந்தைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் சுருண்டு கிடந்த கோட்டையைச் சுற்றி நின்றார்கள்.

மறுபடி ஊத ஆரம்பிப்பதற்குள் டத்தோவின் கார் வந்துவிட்டது. அவர் வெறும் திடலில் நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருச்செல்வம் எல்லார் முன்னாலும் வானத்தைக் காட்டி, "எங்கே அங்கிள் உங்க காத்து? வரச் சொல்லுங்க பார்ப்போம்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சபாபதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு முளைகளைப் பிடுங்கினார்.

நான் செய்தது சரியா, எனக்குத் தெரியவில்லை. இன்னும் சிறிது பொறுத்திருந்தால் காற்று இறங்கியிருப்பதை நானே பார்த்திருப்பேன். பொறுக்காமல் போனதற்குப் பெயர் கவனமா, கோழைத்தனமா? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லைக் கோட்டை என்னால் சரியாகப் பார்க்க முடிந்ததே இல்லை.

உன் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் தெரிகிறது.

அண்ணன்


கிள்ளான்,
16 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

சங்கம் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொண்டது. திருச்செல்வம் பேசிய பேச்சை நான் இங்கே எழுத விரும்பவில்லை. உபசரிப்புக்கு வந்த இன்னும் இரண்டு குடும்பத்தினர் டிசம்பருக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் உங்களிடம் ஒரே ஒரு நாள் கேட்டேன். முப்பத்து நான்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புத்தகத்திலேயே முப்பத்தெட்டு வரை ஓட்டலாம் என்று இருக்கிறது. அவர் பதினைந்து வருஷம் காற்றுமானி இல்லாமல் நடத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத இடத்தில் ஆகும் ஆகும் என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

சின்ன வயசிலிருந்தே நீங்கள் இப்படித்தான். மழை வருமோ என்று பார்த்துப் பார்த்தே எங்கும் போகாமல் இருந்துவிட்டீர்கள். கல்யாணமும் அப்படித்தான் நின்றது. உங்கள் வாழ்க்கையில் ஒன்றும் ஆகவில்லை அண்ணே. என் வாழ்க்கையில் ஆகவேண்டியது இருக்கிறது. எனக்குப் பயப்பட நேரம் இல்லை.

இனி சனிக்கிழமைகளில் வர வேண்டாம். நானே நின்றுகொள்கிறேன்.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்,
20 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் தவறு என்று சொல்ல எதுவும் இல்லை.

விசிலையும் காற்றுமானியையும் சபாபதியிடம் கொடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ நின்றாலும் சரி, வேறு யார் நின்றாலும் சரி, நிற்கிறவர் வாசலை விட்டு நகரக் கூடாது. சாப்பிடக் கூப்பிடுவார்கள். நம்மவர்கள் வற்புறுத்திக் கூப்பிடுவார்கள். குழந்தைகள் உள்ளே இருக்கும்போது போகாதே. கால் வலித்தால் ஒரு நாற்காலி போட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஜனவரி 2025

அன்புத் தங்கை மாதவிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். தெருவில் கரும்பு விற்கிறார்கள், வழக்கத்தைவிட நெரிசல். என் உடம்புக்குக் குறையில்லை. கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

உன் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். நின்றுகொண்டே இருக்கிற வேலை, ஆகவே தேவைப்படும் என்று நினைத்தேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அண்ணன்


கிள்ளான்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. எண்ணெயை மட்டும் வெட்கமில்லாமல் தேய்த்துக்கொண்டேன்.

போன் செய்யலாம் என்று எடுத்தேன். எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன். நீங்கள் ஏன் கடிதம் எழுதுகிறீர்கள் என்று இப்போது புரிகிறது.

நேற்று அம்பாங்கில் ஒரு காதுகுத்து. வீட்டின் பக்கத்தில் காலி மனை. காலையில் மழை பெய்து மண் ஊறியிருந்தது. முளையெல்லாம் சுலபமாக இறங்கியது. சுலபமாக இறங்குகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது, இல்லையா?

மாலையில் காற்று கிளம்பியது. நான் காற்றுமானியைப் பிடித்தேன். நாற்பத்தொன்று. கண்ணால் பார்த்தேன், அண்ணே. சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. விசில் கழுத்தில் தொங்கியது. அந்த நேரம் வீட்டுக்கார அம்மா, இராஜம்மா என்று பெயர், என் பக்கத்தில் வந்து, "பிள்ளைங்க எவ்ளோ ஹேப்பியா இருக்காங்க பாருங்க அக்கா. அடுத்த மாசம் என் தங்கச்சி வீட்டுக்கும் நீங்கதான் வரணும்," என்றார். நான் காற்றுமானியைப் பையில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் பந்தியைக் கவனிக்கத் திரும்பிப் போனார். இந்த முறை முடியட்டும், பிறகு நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஊறிய மண்ணிலிருந்து முளைகள் கழன்று, கோட்டையின் ஒரு பக்கம் தரையிலிருந்து எழுந்தது. உள்ளே இருந்த குழந்தைகள் எல்லாரும் மறுபக்கம் சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சபாபதி ஓடிவந்து அந்தப் பக்கத்துக் கயிற்றில் தொங்கினார். நானும் தொங்கினேன். என் கால் தரையில் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது மெதுவாக இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.

குழந்தைகள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். "ஆன்டி, இன்னொரு தடவை தூக்குங்க," என்றான் ஒருவன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர்கள் பந்தியில் மும்முரமாக இருந்ததால் கவனிக்கவே இல்லை. போகும்போது இராஜம்மா கையைப் பிடித்து நன்றி சொல்லி, பலகாரம் கட்டிக் கொடுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை, அண்ணே.

நீங்கள் நிறுத்தினீர்கள், ஒன்றும் ஆகவில்லை. நான் நிறுத்தவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்குத் திட்டு கிடைத்தது, எனக்குப் பலகாரம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பதினைந்து வருஷத்தில் எத்தனை நாள் இந்த மாதிரி என்று அவரைக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க ஆள் இல்லை.

இன்று காலை சபாபதியும் நானும் கோட்டையைப் புரட்டிப் பார்த்தோம். இரண்டு வளையங்களின் தையல் பாதிவரை பிரிந்திருக்கிறது. நேற்றுப் பிரிந்ததா, எப்போதோ பிரிந்து நாங்கள் பார்க்காமல் விட்டதா, சொல்லத் தெரியவில்லை.

நவம்பரில் நான் எழுதியதை, முக்கியமாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியதை, நீங்கள் மறக்க மாட்டீர்கள். மறக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் இல்லை. வருகிற சனிக்கிழமை ரவாங்கில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அந்த இரண்டு வளையத்தையும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் நன்றாக அடித்து, மணல் மூட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்கிறார் சபாபதி. நீங்கள் வந்து நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும். வருவீர்களா?

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்,
30 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை மாதவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதற்குக் கடவுளுக்கு நன்றி. உனக்கும் சபாபதிக்கும் கையில் காயம் இருந்தால் மருந்து போடுங்கள். கயிறு உள்ளங்கையை அறுத்திருக்கும். அதை நீ எழுதவில்லை.

சனிக்கிழமை நான் வர மாட்டேன்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன்னிடம் இப்படி நான் சொன்னதில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நவம்பர் கடிதம் வலித்தது உண்மைதான். ஆனால் அதில் நீ எழுதியதில் பாதி, எனக்கு நானே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நான் வந்து நின்றால் உனக்குத் தைரியமாக இருக்கும் என்கிறாய். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தையல் பிரிந்த வளையத்தை என் விசில் பிடித்து நிறுத்தாது. எட்டில் இரண்டு இல்லை என்று தெரிந்தும் விரித்தால், அதன் வாசலில் நான் நிற்பது குழந்தைகளின் பெற்றோருக்குச் சொல்கிற பொய். வயதானவர் ஒருவர் விசிலோடு நிற்கிறார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

அந்த வளையங்களைத் தெரிந்தவர் கையில் கொடுத்துத் தைத்து, எட்டையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்யும்வரை அந்தக் கோட்டையை விரிக்காதே. லோரிக்கு மேல்விரிப்புத் தைக்கிறவர்கள் மேருவில் இருக்கிறார்கள். அவர்களால் முடியாவிட்டால் வாங்கிய இடத்துக்கே அனுப்பு. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். சரியான பிறகு கூப்பிடு. மறுநாளே வருகிறேன்.

நவம்பர் ஒன்பதைப் பற்றி இன்னும் ஒன்று. அன்று நான் நிறுத்தாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பெரும்பாலும் ஆகாது. நான் சரியாகச் செய்தேன் என்பதற்கு இனி எந்த அத்தாட்சியும் கிடைக்கப்போவதில்லை. அம்பாங்கில் நடந்ததைக் கொண்டு அதை நான் சரியாக்கிக்கொள்ளவும் விரும்பவில்லை. நான் திரும்பி வந்தால், மறுபடி ஒரு நாள் வெயில் அடிக்கும்போது விசில் ஊதுவேன். மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கு நீ சம்மதித்துத்தான் கூப்பிட வேண்டும்.

இல்லை என்று முடிவு செய்தாலும் நான் உன் அண்ணன்தான். தீபாவளிக்கு வருவேன்.

கமலநாதன்


கிள்ளான்,
11 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் நாள் உங்கள்மேல் கோபம் வந்தது. அண்ணனும் இல்லை, வருமானமும் இல்லை என்று சபாபதியிடம் கத்தினேன். "அங்கிள் சொன்னது சரிதானேக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லோரியைக் கழுவப் போய்விட்டார். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் கோட்டையைச் சுருட்டி ஏற்றி மேருவுக்குக் கொண்டுபோனோம். தைக்கிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு இல்லை, மூன்று என்றார். மூன்றாவது எங்கள் கண்ணில் படவே இல்லை. எட்டையும் புதிதாகத் தைத்துத் தரக் கேட்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசி ஆகுமாம்.

அதனால் இந்த மாதச் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் ரத்து செய்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று ஒவ்வொருவரையும் நானே அழைத்துச் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். இராஜம்மா தன் தங்கை வீட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரவாங்கில் மகளின் பிறந்தநாளுக்குக் கேட்டிருந்த விஷ்ணுப்ரியா என்ற பெண் விடவில்லை.

"ஏன் ஆன்டி, போன வாரம் அம்பாங்ல நல்லாதானே ஓடுச்சு? நான் வீடியோகூட பார்த்தேன்."

"வளையம் பழுது, மா."

"அன்னிக்கு ஒன்னும் ஆகலையே?"

"ஆகல."

"அப்புறம் என்ன? சும்மா எதுக்கு பயப்படுறீங்க? என் மகள் கிட்ட என்ன சொல்றது நான்?"

சொல்ல நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணின் காதில் சாக்காகத்தான் விழும் என்று தெரிந்தது. மன்னிச்சிரும்மா என்று மட்டும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் கையில் போனோடு சமையலறையில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் நின்றது என் வீட்டில். யாரும் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

நவம்பரில் அந்தத் திடலில், அத்தனை பேர் நடுவில், நீங்கள் எவ்வளவு நேரம் அப்படி நின்றீர்கள் என்று நான் கேட்கவே இல்லையே அண்ணே.

மாதவி